முதலில் ஜல்லி, பிறகு கிரவுட்: தண்ணீருக்குள் கனத்த கான்கிரீட் போடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாதாரண கான்கிரீட்டில் ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர் எல்லாவற்றையும் கலந்த பிறகுதான் சென்ட்ரிங்குக்குள் கொட்டுகிறோம். இந்த முறையில் வரிசை மாறுகிறது. கழுவிய ஜல்லியை மட்டும் முதலில் அச்சுக்குள் நிரப்பிவிட வேண்டும். பிறகு, அடிவரை இறக்கி வைத்த குழாய்கள் வழியாக, நன்றாக ஓடக்கூடிய சிமெண்ட்-மணல் கிரவுட்டை பம்ப் செய்ய வேண்டும். கிரவுட் அடியிலிருந்து மேலே ஏறும்போது ஜல்லி இடுக்குகளில் இருக்கும் தண்ணீரையும் காற்றையும் தள்ளிக்கொண்டே வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 1930களின் இறுதியில் அமெரிக்காவில் பழைய சுரங்கப்பாதைகளைச் செப்பனிடப் பிறந்த முறை இது. 1957இல் திறக்கப்பட்ட மிஷிகன் மாநிலத்து மேக்கினாக் பாலத்தின் நீரடி அடித்தளங்களில் இது மிகப் பெரிய அளவில் பயன்பட்டது.

கடலூர், புதுச்சேரிப் பகுதியில் இதற்கு வேலை நிறைய இருக்கிறது. கெடிலம், தென்பெண்ணை, உப்பனாறு, அரியாங்குப்பம் ஆறு எல்லாம் கடலில் சேரும் இடங்களில் பாலத் தூண்களின் அடியில் மண் அரித்துப் பள்ளம் விழும். படகுத்துறைச் சுவரின் அடிப்பகுதி கரையும். அங்கே தண்ணீரை வற்றவைத்து வேலை செய்ய முடியாது. சாதாரண கான்கிரீட்டைத் தண்ணீருக்குள் கொட்டினால் சிமெண்ட் கரைந்து போய் ஜல்லியும் மணலும்தான் மிஞ்சும். தொழிற்சாலைகளில் கம்பி நெருக்கமாக இருக்கும் கனத்த இயந்திர அடித்தளங்களுக்கும் இதே முறை பொருந்தும். ஜல்லிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால் கான்கிரீட் காயும்போது சுருக்கம், சாதாரண கான்கிரீட்டில் ஏற்படுவதில் ஏறக்குறையப் பாதிதான். பழைய கான்கிரீட்டோடு சேர்த்துப் போடும் வேலையில் இது பெரிய நன்மை.

எளிதாகக் கை எட்டும், தண்ணீர் இல்லாத, கம்பி குறைந்த இடத்தில் இந்த முறை வேண்டாம். ரெடிமிக்ஸ் வண்டி நிற்க இடம் இருக்கிறதென்றால் அதுதான் மலிவு.

உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் இந்த வேலையின் சிக்கல். வைப்ரேட்டர் போட்டுச் சரிசெய்யவும் வழியில்லை. அதனால் பம்பை ஓட்டுவதற்கு முன்பே ஜல்லியின் சுத்தம், ஜல்லிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியின் அளவு, கிரவுட்டின் ஓட்டம் மூன்றையும் அளந்து முடித்திருக்க வேண்டும். பம்ப் ஓடத் தொடங்கிய பிறகும் மட்டத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த அளவுகளைப் பற்றியதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம். ஒரு பாலத் தூணின் அடியில் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீருக்குள் கான்கிரீட் போட வேண்டும். மொத்தம் 9 கன மீட்டர். கட்டமைப்பு வடிவத்தையும் வலிமையையும் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். கடல்நீர் படும் இடம் என்பதால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு எம்20, கம்பியுள்ளதற்கு எம்30 என்ற வலிமைத் தரத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. முகத்துவார வேலைகளுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜல்லி

ஒன்றரை ஜல்லி எனப்படும் 40 மி.மீ. ஜல்லியும், அதோடு கொஞ்சம் முக்கால் ஜல்லியும் (20 மி.மீ.) போதும். 12.5 மி.மீ.க்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. கால் ஜல்லி, சிப்ஸ், கிரஷர் தூசி ஆகியவைதான் இந்த வேலையின் முதல் எதிரி. இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே கிரவுட் நுழைய வேண்டிய கழுத்தில் ஒரு சின்னச் சில்லு உட்கார்ந்தால், அதன் பின்னால் மணல் தேங்கி அந்த வழியே அடைபட்டுவிடும். அதற்கு மேலே உள்ள பகுதி வெறும் ஜல்லிக் குவியலாக நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

திருவக்கரை, திண்டிவனம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் கருங்கல் ஜல்லி இதற்கு ஏற்றது. கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் படிந்த கற்களைத் தொடாதீர்கள். கல்லும் மென்மை, ஒட்டியிருக்கும் களிமண்ணும் கழுவினால் எளிதில் போகாது.

லாரியில் வந்து இறங்கும் ஜல்லி எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அப்படியே போடக் கூடாது. குவாரியில் சலித்திருந்தாலும் ஏற்றி இறக்கும்போதே ஓரங்கள் உடைந்து தூசியும் சில்லும் உண்டாகும். அச்சுக்குள் போடுவதற்குச் சற்று முன்னால், 12.5 மி.மீ. சல்லடையைச் சாய்வாக நிறுத்தி, மேலிருந்து ஹோஸ் தண்ணீர் பாய்ச்சியபடி ஜல்லியை உருட்டி விடுங்கள். கழுவிய ஜல்லியில் இரண்டு கை அள்ளி, தெளிந்த தண்ணீர் உள்ள வாளியில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் கலங்கி வாளியின் அடி மறைந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

அடுத்தது இடைவெளியை அளப்பது. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஈரமான, ஆனால் சொட்டாத ஜல்லியை விளிம்புவரை நிரப்பி, இரண்டு மூன்று முறை தரையில் தட்டி, மீண்டும் விளிம்புக்கு நிரப்புங்கள். அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றி விளிம்பு வரும்வரை எண்ணுங்கள். 8.4 லிட்டர் பிடித்தால் இடைவெளி 42 சதவீதம். பொதுவாக 38 முதல் 48 சதவீதத்துக்குள் வரும். 38க்குக் கீழே போனால் சிறு கல் அதிகம் கலந்திருக்கிறது என்று பொருள், திரும்பச் சலியுங்கள். இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் சிமெண்ட் மூட்டைக் கணக்கே போட வேண்டும். வெவ்வேறு லாரி ஜல்லியில் மூன்று வாளி அளந்து சராசரி எடுங்கள்.

9 கன மீட்டர் ஜல்லி என்பது 3.2 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). சலிப்பதிலும் கழுவுவதிலும் கழிவு போகும். 4 யூனிட் வரவழையுங்கள்.

கிரவுட்டுக்கான பொருள்கள்

மணலில் 2.36 மி.மீ. சல்லடையில் நிற்பது எதுவும் இருக்கக் கூடாது, 1.18 மி.மீ. சல்லடையில் 95 சதவீதமாவது இறங்க வேண்டும். மணல் எவ்வளவு பொடி என்பதைச் சல்லடைகளால் அளந்து சொல்லும் நுண்மை எண் 1.3க்கும் 2.1க்கும் நடுவே இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்கு விற்கும் எம்-சாண்டில் பாதிக்கு மேல்கூடக் கழிவாகிவிடும். பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்டை வாங்கிச் சலிப்பதே சிக்கனம். அதில் மாவு போன்ற தூசி 10 சதவீதத்தைத் தாண்டினால் கிரவுட் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகும். கடற்கரை மணல் உப்புக்காகவே கூடாது.

சிமெண்டைப் பொறுத்தவரை கடைகளில் அதிகம் கிடைப்பது பிபிசி எனப்படும் போசலானா சிமெண்ட். அதில் அனல்மின் நிலையச் சாம்பல் (ஃப்ளை ஆஷ்) ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதோடு தனியாகவும் சாம்பல் சேர்த்தால் வலிமை ஏற நாளாகும். கலவையை நம் கையில் வைத்துக்கொள்ள சாம்பல் கலக்காத ஓபிசி 43 அல்லது 53 சிமெண்ட் வாங்கி, சாம்பலைத் தனியே அளந்து சேர்ப்பது நல்லது.

சாம்பல் எதற்கு என்றால், உருண்டைத் துகள் என்பதால் கிரவுட்டை வழுக்கி ஓடவைக்கும். சிமெண்டைக் குறைத்துக் கனத்த கான்கிரீட்டில் உண்டாகும் சூட்டையும் குறைக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்திலேயே கிடைக்கும் நெய்வேலிச் சாம்பல் பழுப்பு நிலக்கரியில் இருந்து வருவது; சுண்ணாம்புச் சத்து அதிகம். தன்னளவிலேயே கொஞ்சம் இறுகும் குணம் உண்டு, சல்பேட்டும் கூடுதலாக இருக்கலாம், லோடுக்கு லோடு மாறும். மேட்டூர், வடசென்னை நிலையங்களின் சாம்பல் இந்த வகையில் அமைதியானது. நெய்வேலிச் சாம்பலைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. ஆனால் ஒவ்வொரு லோடுக்கும் ஆய்வுக்கூட முடிவு வாங்கி, கலந்து 15, 30, 60 நிமிடம் கழித்து ஓட்ட நேரத்தை (அளக்கும் விதம் கீழே) அளந்து பார்த்த பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும்.

தண்ணீர் குடிக்கும் தரத்தில் இருக்க வேண்டும். ஐ.எஸ். 456 கணக்கில் கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு; கம்பி இல்லாததற்கு 2000. கடலோரக் கிராமங்களின் போர்த் தண்ணீர் இந்த வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும். லாரித் தண்ணீர் வாங்கினாலும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

இவற்றோடு கிரவுட்டுக்கென்று விற்கும் ஓட்டக் கலப்பு மருந்து ஒன்று வேண்டும். அது தண்ணீர்த் தேவையைக் குறைக்கும், மணலைத் தொங்கவைக்கும், இறுகுவதற்கு முன் கிரவுட்டைச் சற்று உப்பவைக்கும். உப்பவைப்பது அதிலுள்ள அலுமினியப் பொடி. சிமெண்டின் காரத்தோடு சேர்ந்து நுண்ணிய வாயுக் குமிழிகளை உண்டாக்கும். கிரவுட்டில் இருந்து தண்ணீர் பிரிந்து ஒவ்வொரு ஜல்லியின் அடிவயிற்றிலும் தங்கப் பார்க்கும். அந்த இடத்தை நிரப்புவது இந்த உப்பல்தான். அலுமினியப் பொடியைத் தனியே வாங்கிக் கலப்பதானால் ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சில கிராம்தான் போகும். அதைக் கைக்கணக்கில் போடக் கூடாது. சாம்பலோடு உலர்வாகப் பரப்பிக் கலந்து, பிறகே சேர்க்க வேண்டும்.

ஒரு கலவைக்கு அளவு

தொடக்கமாக இதை எடுத்துக்கொள்ளலாம்: சிமெண்ட் 2 மூட்டை, அதாவது 100 கிலோ. சாம்பல் 50 கிலோ. உலர்ந்த மணல் 150 கிலோ. தண்ணீர் 67.5 லிட்டர். ஓட்டக் கலப்பு மருந்து தயாரிப்பாளர் சொல்லும் அளவு. சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த எடையில் ஏறத்தாழ 1 சதவீதம் என்பது வழக்கம். இது சுமார் 178 லிட்டர் கிரவுட் தரும்.

நம் எடுத்துக்காட்டில் 9 கன மீட்டரில் 42 சதவீதம் என்றால் 3.78 கன மீட்டர் கிரவுட். ஹோஸில் தங்குவது, கசிவது, மேலே வழியவிடுவது எல்லாவற்றுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் சேர்த்து 24 கலவை. அதாவது 48 மூட்டை சிமெண்ட், 24 மூட்டை சாம்பல், 3.6 டன் மணல். ஒரு கன மீட்டர் முடிந்த கான்கிரீட்டுக்கு சிமெண்ட் சுமார் 235 கிலோதான் போகிறது. கனத்த வேலையில் சூடு குறைவதற்குக் காரணம் இதுதான்.

மணலின் ஈரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால் 150 கிலோவில் ஏழு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. அதைக் கழிக்காமல் 67.5 லிட்டரும் ஊற்றினால் சிமெண்ட்-சாம்பல் எடைக்குத் தண்ணீரின் விகிதம் 0.45இலிருந்து 0.50 ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மணலைத் தார்ப்பாயால் மூடி வைத்து, காலையிலும் மதியமும் ஒரு கிலோ மணலை வாணலியில் வறுத்து எடை பாருங்கள். குறைந்த எடைதான் ஈரம்.

ஓட்டத்தை அளப்பது

இதற்கென்று ஒரு கூம்பு உண்டு, ஏ.எஸ்.டி.எம். சி939 என்ற அமெரிக்கத் தர எண்ணில் கேட்டால் ஆய்வுக்கருவிக் கடைகளில் கிடைக்கும். அடியில் 12.7 மி.மீ. துளை, உள்ளே 1725 மில்லி கொள்ளும் உயரத்தில் ஒரு முள். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி அளந்து பாருங்கள்: 8 விநாடி, கூடினாலும் குறைந்தாலும் 0.2 விநாடிக்குள் வர வேண்டும். வராவிட்டால் கூம்பு கோணலாக நிற்கிறது, அல்லது துளையில் பழைய சிமெண்ட் ஒட்டியிருக்கிறது.

பிறகு துளையை விரலால் அடைத்து முள் நுனிவரை கிரவுட் ஊற்றி, விரலை எடுத்த கணத்தில் கடிகாரத்தை ஓட்டுங்கள். மேலிருந்து கூம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் ஓட்டம் திடீரென்று மெலிந்து, துளை வழியே வெளிச்சம் தெரியும். அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். சொட்டு நிற்கும்வரை காத்திருப்பவர்களுக்கு எப்போதும் தவறான எண்தான் வரும்.

சாதாரண வேலைக்கு 20 முதல் 24 விநாடி. பதம், குடிக்கிற அளவுக்குக் கரைத்த கேழ்வரகுக் கூழ் மாதிரி இருக்கும். 18க்குக் கீழே வந்தால் தண்ணீர் அதிகம். மணல் அடியில் தங்கும். 28, 30 என்று ஏறினால் முக்கால் ஜல்லிக்குள் நுழையத் திணறும். அப்போது தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யக் கை நீளும், ஊற்றாதீர்கள். மணலில் தூசி கூடியதா, கிரவுட் சூடேறியதா, கலந்து நேரமாகிவிட்டதா என்று பார்த்து, சரியில்லாத கலவையைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் திருத்துங்கள்.

நீர் பிரிவதையும் உப்பலையும் ஒரே சோதனையில் பார்க்கலாம். 1000 மில்லி அளவுக் குழலில் 800 மில்லி கிரவுட் ஊற்றி, முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், பிறகு மணிக்கு ஒரு முறையும் மட்டத்தைக் குறித்து வாருங்கள். கிரவுட் உப்பிய அளவு, மேலே பிரிந்து நின்ற தண்ணீரைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

பெரிய வேலையைத் தொடும் முன் 200 லிட்டர் டிரம் ஒன்றில் ஒத்திகை பாருங்கள். நடுவில் குழாயை நிறுத்தி, ஜல்லி நிரப்பி, தண்ணீர் ஊற்றி, அடியிலிருந்து கிரவுட்டை ஏற்றுங்கள். சுமார் 84 லிட்டர், அதாவது அரைக் கலவை போகும். ஏழு நாள் கழித்து டிரம்மை வெட்டி எடுத்து, கான்கிரீட்டை உடைத்துப் பாருங்கள். ஜல்லிகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே கிரவுட்டின் அச்சு முழுதாகப் பதிந்திருந்தால் கலவை சரி. வழுவழுப்பான பள்ளமும் வெள்ளைப் படலமும் தெரிந்தால் தண்ணீர் பிரிந்து தங்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவாகும் தவறை ஒரு டிரம்மோடு முடிக்கலாம் என்பதால் இதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

அச்சும் அடித்தளமும்

அச்சுப் பலகை ஜல்லியைத் தாங்கினால் போதாது. தண்ணீர் புகாதபடி இருக்க வேண்டும். சாதாரண கான்கிரீட்டில் சின்ன இடுக்கை மணலும் ஜல்லியுமே அடைத்துவிடும். இந்தக் கிரவுட் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் இடுக்கிலும் ஓடிவிடும். பலகை இணைப்புகளில் ஸ்பாஞ்சு நாடா, தூணோடு சேரும் இடத்தில் சிமெண்ட் தோய்த்த சாக்கு, ஆற்றுப் படுகையோடு சேரும் விளிம்பில் வெளிப்புறம் மணல்மூட்டை என்று எல்லாவற்றையும் அடையுங்கள். கிரவுட்டின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2050 கிலோ. 1.5 மீட்டர் உயரத்தில் அடியில் சதுர மீட்டருக்கு 3 டன் அழுத்தம் வரும். வெளியே அதே மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால் அதில் பாதி ஈடாகும். ஜல்லியின் தள்ளல் தனி. அச்சின் மேல்பக்கம் மூடியிருந்தால் காற்றும் தண்ணீரும் வெளியேற மூலைகளில் துளை விட வேண்டும்.

படுகையில் உள்ள சேற்றை நீர்ப் பீய்ச்சலால் கிளப்பி உறிஞ்சி எடுத்து, முங்கி வேலை செய்பவர் கையால் தொட்டுச் சொன்ன பிறகே அடுத்த வேலை. பழைய தூணில் ஒட்டிய சிப்பி, கொட்டலசு எல்லாவற்றையும் சுரண்டி, கான்கிரீட்டைக் கொத்தி விடுங்கள். முகத்துவாரத்தில் ஒரே இரவில் சேறு திரும்ப வந்து படியும். அதனால் சுத்தம் செய்த அன்றே ஜல்லி நிரப்பத் தொடங்கிவிட வேண்டும்.

குழாய்களை ஜல்லிக்கு முன்பே நிறுத்த வேண்டும். ஒரு இன்ச் ஜிஐ குழாய், நுனியைச் சாய்வாக வெட்டி, அடியிலிருந்து 15 செ.மீ. மேலே நிற்கும்படி. குழாய்க்குக் குழாய் 1.5 மீட்டர் இடைவெளி வழக்கமானது. தண்ணீருக்குள் கிரவுட் ஏறத்தாழ 6 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில் பரவும். உலர்ந்த இடத்தில் சரிவு 4க்கு 1. நம் 3-க்கு-2 மீட்டர் அச்சில் நான்கு குழாய் வைக்கலாம். நீளவாக்கில் 1.5 மீட்டர், அகலவாக்கில் 1 மீட்டர் இடைவெளி. இவற்றோடு குழாய்களுக்குத் தொலைவான இரண்டு மூலைகளில், நீளவாக்கில் பிளவு வெட்டிய இரண்டு இன்ச் குழாய்கள் இரண்டை நிறுத்துங்கள். மட்டம் பார்க்க இவைதான் நம் கண்கள்.

இந்த மட்டக் குழாய்களுக்குள் கயிற்றில் இறக்கிக் கிரவுட் மட்டம் பார்க்கும் குண்டு தண்ணீரில் மூழ்க வேண்டும், கிரவுட்டில் மிதக்க வேண்டும். ஒரு இன்ச் பிவிசி குழாய்த் துண்டில் உலர்ந்த மணலை நிரப்பி, இரு பக்கமும் மூடி ஒட்டி, அடையாளமிட்ட கயிற்றில் கட்டினால் போதும். வாளித் தண்ணீரிலும் வாளிக் கிரவுட்டிலும் விட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஜல்லியை உயரத்திலிருந்து கொட்டாமல், அடி திறக்கும் தொட்டியால் இறக்கி, 30 செ.மீ. அடுக்குகளாகப் பரப்புங்கள். கம்பி நெருக்கமான இடத்தில் கையால் அடுக்க வேண்டும். நிரப்பி முடித்தால் ஓரிரு நாளுக்குள் கிரவுட் ஏற்றிவிடுங்கள். துறைமுகத் தண்ணீரில் மீன் கழிவும் டீசலும் கலந்திருக்கும். நாள் கடந்தால் ஜல்லி மேல் வழுவழுப்பான படலம் பிடித்துவிடும். அதன் மேல் கிரவுட் ஒட்டாது. அச்சுக்குள் இறங்கிய ஜல்லியைத் திரும்பக் கழுவ வழியும் இல்லை.

கிரவுட் ஏற்றும் நாள்

நிமிடத்துக்கு 50 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 3.78 கன மீட்டர் ஏற 75 நிமிடம் ஆகும். மட்டம் நிமிடத்துக்கு 2 செ.மீ. உயரும். அப்படியானால் மூன்றரை நிமிடத்துக்கு ஒரு கலவை தயாராக வேண்டும். ஒரு மிக்ஸரால் இது நடக்காது. இரண்டு மிக்ஸர், அவற்றுக்குக் கீழே மெதுவாகச் சுழலும் கிளறித் தொட்டி ஒன்று. பம்புக்கும் மிக்ஸருக்கும் மாற்று ஏற்பாடு தயாராக இருக்கட்டும். மின்சாரத்தை மட்டும் நம்பாமல் ஜெனரேட்டரும் வேண்டும். ஹோஸ் ஒன்றேகால் இன்ச் போதும். 50 லிட்டர் வேகத்தில் உள்ளே ஓட்டம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் இருக்கும். பெரிய ஹோஸ் போட்டால் ஓட்டம் மெதுவாகி மணல் தங்கும்.

வெயில் காலத்தில் விடியற்காலை வேலைதான் சரி. சிமெண்டும் மணலும் 35 டிகிரியில் இருக்கும்போது தண்ணீரை 32இலிருந்து 12 டிகிரிக்குக் குளிர்வித்தால், கிரவுட்டின் சூடு ஏறத்தாழ 10 டிகிரி குறையும். ஒரு கலவையின் தண்ணீருக்கு 12 கிலோ ஐஸ் போதும். கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் படகுகளுக்கு ஐஸ் போகிறது, கிடைப்பதில் சிரமமில்லை. ஆனால் நல்ல தண்ணீரில் உறைந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஐஸின் எடையையும் சேர்த்தே 67.5 லிட்டர் கணக்கு. முழுதாகக் கரைந்த பிறகே மிக்ஸருக்குள் விட வேண்டும்.

கலக்கும் வரிசை: தண்ணீர், மருந்து, சிமெண்ட், சாம்பல், கடைசியில் மணல். மணல் போட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடம். மிக்ஸரிலிருந்து தொட்டிக்கு விழும் இடத்தில் 6 மி.மீ. வலை கட்டாயம். சிமெண்ட் கட்டி, சாக்கு நார், மூட்டைக் காகிதம் எல்லாம் அங்கேயே நிற்கட்டும்.

முதலில் சிமெண்ட்-சாம்பல் கரைசலை மட்டும் ஓட்டி ஹோஸின் உட்சுவரை நனையுங்கள். நனைக்காத ஹோஸ் முதல் கிரவுட்டின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே அடைத்துக்கொள்ளும். நனைத்த கரைசலை வெளியே விட்டுவிட்டு, மிகத் தாழ்வான இடத்தில் நிற்கும் குழாயில் தொடங்குங்கள். நான்கு குழாய்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். அடியில் மட்டம் 45 செ.மீ. வரும்வரை எந்தக் குழாயையும் தூக்கக் கூடாது. அதன் பிறகும் நுனி எப்போதும் கிரவுட்டுக்குள் 30 செ.மீ.யாவது புதைந்திருக்க வேண்டும். நுனி வெளியே வந்தால் கிரவுட் தண்ணீருக்குள் விழும், கரையும், சிமெண்டை இழந்த மணல் ஓர் அடுக்காகப் படியும். பிறகு என்ன செய்தாலும் அந்த அடுக்கு அங்கேயே இருக்கும்.

ஒருவருக்கு ஒரே வேலை: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மட்டக் குழாய்களிலும் குண்டை இறக்கி, நேரம், மட்டம், அதுவரை போன கலவை எண்ணிக்கை மூன்றையும் எழுத வேண்டும். ஒரு கலவைக்கு மட்டம் ஏறத்தாழ 7 செ.மீ. ஏற வேண்டும். 10 கலவை போயும் மட்டம் 70 செ.மீ.யை ஒட்டி வராமல் 50 செ.மீ.யில் நின்றால் எங்கோ கசிகிறது. அதற்கு மாறாக 90 செ.மீ. வந்துவிட்டால் கிரவுட் எல்லா இடத்துக்கும் போகவில்லை; ஒரு பகுதி அடைபட்டிருக்கிறது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் இரண்டுமே கடைசிவரை தெரியாது.

கசிவு தெரிந்தால் பம்பை மெதுவாக்கி, சாக்கும் ஆப்பும் வைத்து அடையுங்கள். வெளித் தண்ணீரில் சாம்பல் நிறப் புகை போலக் கிளம்பும் இடம்தான் கசிவு. முங்குபவர் இறங்க வேண்டுமானால் பம்பை நிறுத்திய பிறகே இறங்க வேண்டும்.

அழுத்தமானி திடீரென்று ஏறினால் அந்தக் குழாயை விட்டுவிட்டுப் பக்கத்துக் குழாய்க்கு மாறுங்கள். அழுத்தத்தைக் கூட்டி அடைப்பைத் தள்ளப் பார்த்தால் ஹோஸ் வெடிக்கும், இல்லையேல் ஜல்லி தூக்கிக்கொண்டு அச்சு பிளக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் ஹோஸ் அருகே நிற்க வேண்டாம். சிமெண்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

இடையில் வேலை நின்றுபோய் கிரவுட் இறுகும் அளவுக்கு நேரமாகுமானால், குழாய்களைக் கிரவுட் மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி வைத்துவிடுங்கள்; புதைந்த குழாய் பிறகு வராது. ஜல்லிகள் இணைப்புத் தளத்தைத் தாண்டி மேலும் கீழுமாக நிற்பதால் அந்த இணைப்பு சாதாரண கான்கிரீட்டில் உள்ளதைப் போல அவ்வளவு பலவீனமாக இருக்காது.

மேல் முடிவு

மேலே முதலில் வருவது கலங்கல் தண்ணீர். பிறகு நீர்த்த கிரவுட். அதையும் வழியவிடுங்கள். வழிவதைப் பிடித்துக் கூம்பில் அளந்து, உள்ளே போகிற கிரவுட்டின் நேரத்தோடு ஒத்துவந்த பிறகே பம்பை நிறுத்த வேண்டும். மேற்பரப்பு தண்ணீருக்கு வெளியே இருந்தால் நீர்த்த படலத்தை வழித்தெடுத்து, கழுவிய கால் ஜல்லியைத் தூவி அழுத்தி மட்டப்பலகை போடலாம். குழாய்களை மெதுவாக உருவி, துளைகளைக் கிரவுட்டால் நிரப்புங்கள். பம்ப், ஹோஸ், மிக்ஸர் எல்லாவற்றையும் உடனே கழுவிவிட வேண்டும். கழுவிய தண்ணீர் ஆற்றுக்குள் போகாமல் குழி வெட்டிப் பிடியுங்கள்.

வலிமைச் சோதனைக்குக் கிரவுட்டை மட்டும் கட்டியாக வார்த்தால் போதாது. சோதனை அச்சிலும் அதே ஜல்லியை நிரப்பி, அடியிலிருந்து கிரவுட்டை ஏற்றியே வார்க்க வேண்டும். சாம்பல் கலந்ததால் 28 நாளில் முழு வலிமை வந்திருக்காது. 90 நாள் சோதனைக்கும் அச்சுகளை எடுத்து வையுங்கள். வேலையிடத்திலேயே பார்க்க வேண்டுமானால், மட்டம் எழுதிய காகிதத்தில் சந்தேகம் எழுந்த இடத்தில் உருளை வடிவ மையத் துண்டு (கோர்) வெட்டி எடுங்கள். துண்டில் ஜல்லிக் கூட்டமாக வெற்றிடம் இருந்தால் அது சில்லு அடைப்பு. அந்த இடத்தில் துளையிட்டு மணல் இல்லாத மெல்லிய கிரவுட்டை ஏற்றிச் சரிசெய்யலாம். கிடைமட்டமாக மென்மையான மணல் வரி ஓடினால் குழாய் நுனி வெளியே வந்த உயரம் அது. அந்த வரி எவ்வளவு தூரம் போகிறது என்று இன்னும் இரண்டு இடங்களில் வெட்டிப் பார்த்து, பொறியாளரிடம் காட்டிய பிறகே பாரம் ஏற்ற வேண்டும்.